டாக்டர் தடுத்த லண்டன் பயணம்... திருவானைக்காவல் ராமன் `ஊர் சுற்றிய' கதை!

உங்க ஃப்ரெண்ட் யாராவது லண்டன்ல மாஸ்டர்ஸ் படிக்கிறாங்களா? அப்போ செயின்ட் பால்ஸ் தேவாலயத்து முன்னாடி நின்னு எடுத்த போட்டோ ஒண்ணு உங்க இன்ஸ்டாவுக்கு எப்படியும் வந்திருக்கும். அதே தேவாலயத்தை 1921-ல் நம்ம திருச்சிக்காரர் ஒருத்தரும் போய்ப் பார்த்தார். அவர் சர் சி.வி.ராமன். ஆனா, அவர் வெளிநாட்டுல படிச்சவர் இல்லை. படிக்கப் போக முடியாம போனவர்!

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினால், காவிரிப் பாலம் தாண்டி வரும் ஊர் திருவானைக்காவல். ஜம்புகேஸ்வரரைப் பார்த்துட்டு, ஒரு நெய் தோசையும் சாப்பிட்டுட்டு அப்படியே ஸ்ரீரங்கம் கிளம்பிடுவோம். இந்த ஊரில்தான், அம்மா வழித் தாத்தா வீட்டில், 1888 நவம்பர் 7-ம் தேதி ராமன் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் ஆசிரியர். அவருக்கு விசாகப்பட்டினம் கல்லூரியில் வேலை கிடைக்க, சின்ன வயசுலேயே குடும்பத்தோடு அங்கே போயிட்டார் ராமன்.

படிப்பில் பையன் செம ஷார்ப். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ. முதலிடம், இயற்பியலில் தங்கப் பதக்கம். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகச் சொன்னார்கள் பேராசிரியர்கள். அதற்கு மெடிக்கல் செக்கப் அவசியம். ஒல்லியான அந்த உடம்பைப் பார்த்த டாக்டர், இங்கிலாந்து குளிரை இது தாங்காது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கதவு மூடிடுச்சு.

விசா ரிஜெக்ட் ஆன மெயிலைத் திறந்து பார்த்தவங்களுக்கு அந்த வலி புரியும்.

ஆனா, ஆள் போக முடியாத லண்டனுக்கு அவர் எழுத்து போனது. 1906-ல், மாணவராக இருக்கும்போதே, லண்டனில் இருந்து வெளிவந்த ஃபிலசாஃபிக்கல் மேகஸின் இதழில் அவருடைய ஆய்வுக் கட்டுரை வெளியானது. அப்போ வயசு 18! 1907-ல் எம்.ஏ. முடித்து, நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பிடித்து, கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரி ஆனார். பகலில் ஆபீஸ் ஃபைல்கள். விடியற்காலையிலும் சாயங்காலத்துக்கு மேலும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. இப்படியே பல வருஷம்.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி தேடி வந்தது. ஆனா ஒரு சிக்கல். அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அதுக்காக நான் போக மாட்டேன் என்று மறுத்துவிட்டார் ராமன். கடைசியில் பல்கலைக்கழகம்தான் விதியைத் தளர்த்தியது. நல்ல சம்பளம் வந்த அரசு வேலையை விட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியராகப் போனார்.

அப்புறம்தான் 1921. ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழகங்கள் மாநாட்டுக்குக் கல்கத்தாவின் பிரதிநிதியாகப் போனார். 32 வயசுல முதல் வெளிநாட்டுப் பயணம். நம்மைப் போலவே அவரும் லண்டனைச் சுற்றிப் பார்த்தார்.

செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் 257 படி ஏறினால் வட்டமான ஒரு மாடம் வரும். சுவர் ஓரமாக ஒருவர் ரகசியம் பேசினால், எதிர்ப்பக்கச் சுவர் ஓரத்தில் இருப்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும். எல்லோரும் சிரிச்சுட்டு, இறங்கிப் போயிடுவாங்க. ராமன் அங்கேயே சோதனை செய்ய ஆரம்பிச்சுட்டார்! சுவரை விட்டு விலக விலக, சத்தம் சீராகக் குறையாமல் கூடியும் குறைந்தும் வருவதைக் கவனித்தார். டூரிஸ்ட் ஸ்பாட் ஓர் ஆய்வுக் கட்டுரை ஆனது.

செப்டம்பரில் நார்குண்டா கப்பலில் ஊர் திரும்பினார். வழியில் மத்தியதரைக் கடல். அப்படி ஒரு நீலம்! வானத்தின் பிரதிபலிப்புதான் கடலின் நீலம் என்பது அப்போது பெரிய விஞ்ஞானியான ராலே பிரபு சொன்ன விளக்கம். ராமனிடம் நிக்கோல் பட்டகம் என்ற சின்னக் கருவி இருந்தது. கண்கூசும் வெளிச்சத்தை போலராய்டு கூலிங் கிளாஸ் எப்படிக் குறைக்கிறதோ, கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். அதை வைத்து, சரியான கோணத்தில், கடல் மேல் பட்டுத் திரும்பும் வான வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தார். நீலம் போகவே இல்லை. இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது! தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று புரிந்துகொண்டார். கப்பல் பம்பாய் வந்து சேர்ந்ததும், இதை எழுதி நேச்சர் இதழுக்கு அனுப்பிவிட்டார்.

அந்தக் கேள்வி அவரை விடவில்லை. மாணவர்களோடு 7 வருஷம் ஒளிச்சிதறலைத் துரத்தினார். கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து செய்த சோதனைகளில், 1928 பிப்ரவரி 28 அன்று பிடிபட்டதுதான் ராமன் விளைவு. அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். 1930-ல் நோபல் பரிசு. 2021-ல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ரோவர்கூட, ராமன் விளைவை வைத்துத்தான் அங்கிருக்கும் பாறைகளை ஆராய்கிறது.

அப்போ வெளிநாட்டுப் படிப்பே வேண்டாமானு கேட்காதீங்க. ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர், அதே 1930-ல் கேம்பிரிட்ஜில் படிக்கக் கப்பல் ஏறினார். வயசு 19. போகும் வழியிலேயே நட்சத்திரங்களைப் பற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த வேலைக்கு 1983-ல் அவருக்கும் நோபல் கிடைத்தது. போனவரும் சாதித்தார், போக முடியாதவரும் சாதித்தார். ரெண்டு பேருமே கப்பலில் வேடிக்கை மட்டும் பார்த்துட்டு இருக்கலை.

தன்னைத் தடுத்த அந்த டாக்டருக்குப் பின்னாளில் நன்றியே சொன்னார் ராமன். 1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் காலமானார்.

பஞ்சபூதத் தலங்களில் திருவானைக்காவல் தண்ணீருக்கானது. கருவறையில் இன்றும் நீர் கசியும். அடுத்த முறை ஸ்ரீரங்கம் போகும்போது அங்கே இறங்குங்க. தண்ணீரைப் பார்த்துக் கேள்வி கேட்ட ஒருத்தர் பிறந்த ஊர் அது. செல்ஃபி எடுத்துக்கோங்க, தப்பில்லை. அப்படியே, இது ஏன் இப்படி இருக்குனு ஒரு கேள்வியும் கேட்டுட்டு வாங்க!