அணுவுக்கு உருவந்தந்த ஜான் டால்டன்

காரைக்குடி வீதிகளில் வைகறையில் நடந்து செல்வோமாயின், வீட்டு வாயில்கள்தோறும் மகளிர் அரிசிமாவினால் கோலமிடுதலைக் காண்போம். முதலிற் புள்ளிகள், பின்னர் அவற்றை இணைக்கும் கோடுகள். எண்ணும் ஒழுங்கும் சிறுமியர்க்குக் கண்வழியே புகுகின்றன. அந்நகரிலேயே 1953-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் உளது. ஆண்டு ஆராயப்பெறும் பொருள்கள் யாவும் அணுக்களால் ஆயவை. அணுவையோ வெறுங்கண்ணாற் காண்டல் அரிது. அங்ஙனங் காணவொண்ணாததைப் புள்ளியாலும் வட்டத்தாலும் மாணாக்கர்க்குக் காட்டிய பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஜான் டால்டன் 1766-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வடபாலுள்ள ஈகிள்ஸ்பீல்டு என்னும் சிற்றூரில், எளிய நெசவாளர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். குவேக்கர் சபையினராதலின், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளிற் பயின்று பட்டம் பெறும் வழி அவர்க்கு அடைபட்டிருந்தது. எனினும் 12 வயதிலேயே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லத் தொடங்கினார். 1793-இல் மான்செஸ்டர் நகரை அடைந்து, ஆங்கு வாழ்நாள் முழுதும் ஆசிரியராகவே விளங்கினார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத குறை அவர் கண்களுக்கு இருந்தது. அதனை மறையாது, 1794-இல் அறிஞர் அவையில் ஆராய்ச்சியுரையாகவே படித்தார்.

நிறம் அறியாத அவரே இரசாயன நூலுக்குக் கண் தந்தார் என்பது வியப்பன்றோ! 1803-இல் தமது குறிப்பேட்டில் மூலகம் ஒவ்வொன்றின் அணுவுக்கும் ஒரு வட்டம் வரைந்தார். வெறும் வட்டம் பிராணவாயு. நடுவே புள்ளியிட்டது ஜலவாயு. முழுதுங் கருமையாக்கியது கரி. வட்டங்களை அருகருகே வைப்பின் கூட்டுப்பொருள் தோன்றும். கரிவட்டத்தோடு வெறுவட்டம் ஒன்று சேரின் ஒரு வாயு; இரண்டு சேரின் மற்றொன்று. இடையே ஒன்றரை என்பது இல்லை. பல பக்கங்களில் விளக்க வேண்டியதை மாணாக்கன் ஒரு நோக்கில் உணர்ந்தான். இவ்வட்டங்கள் 1808-இல் அவரது நூலிலும் அச்சேறின. பின்னர் மர உருண்டைகளைக் கொண்டும் அவர் பாடங் கற்பித்தார்.

ஆயினும் படம் பிழையையும் தெளிவாகவே காட்டவல்லது. நீரில் ஜலவாயு அணு ஒன்றும் பிராணவாயு அணு ஒன்றுமே உளவென்று டால்டன் கொண்டார். ஜலவாயு அணு இரண்டு என்பது பிற்காலத்தார் நிறுவிய உண்மை. 1813-இல் சுவீடன் நாட்டுப் பெர்ஸீலியஸ், எழுத்துக்களையே மூலகக் குறிகளாக அமைத்தார். அவை அச்சிடுதற்கு எளியன. ஆதலின் உலகம் அவற்றையே ஏற்றது. டால்டனோ தம் வட்டங்களை விட்டுப் பெயர மனமொப்பாதவராய், 1844-இல் உயிர்நீத்தார்.

இன்று நாம் எழுதுவன பெர்ஸீலியஸின் எழுத்துக்களே. எனினும், எழுத்து ஒவ்வொன்றும் அணு ஒன்றைக் குறிக்கும் என்னுங் கருத்து டால்டனுடையது. அவருடைய உருண்டைகளும் வகுப்பறைகளை விட்டு அகலவில்லை. மாணவ நண்பர்காள்! குறிகளை நெட்டுருச் செய்யுமுன் அவை குறிக்கும் பொருளை வரைந்து பாருங்கள். வரைந்தது பிழையெனச் சோதனை காட்டுமாயின், அதனை அழித்து மீண்டும் வரையத் தயங்காதீர்கள். நேற்றைய கோலத்தைத் துடைத்தன்றோ இன்றைய கோலத்தை இடுகின்றனர்!