வரதா பாய்: சாராய அடுப்பில் எழுந்த சாம்ராஜ்யம்

மும்பைக்கு பம்பாய் என்று பெயர் இருந்த காலத்தில் இந்த நகரை மூன்று பேர் மறைமுகமாக ஆண்டார்கள் என்பார்கள். ஒருவர் ஹாஜி மஸ்தான். இன்னொருவர் கரீம் லாலா. மூன்றாவது ஆள் நம் வரதராஜ முதலியார்.

தாராவி, சயான், அண்டாப்ஹில், கோலிவாடா பகுதித் தமிழர்களுக்கு அவர் வரதா பாய். போலீசாருக்குப் பெரிய தலைவலி. பத்திரிகைகளுக்கு "தாதா".

கடத்தல், துறைமுகத் திருட்டு என்று அவர் மீது பல குற்றச்சாட்டுகள் உண்டு. ஆனால் அவருக்கு முதல் பணமும் முதல் ஆள்பலமும் கிடைத்தது சாராய அடுப்பில் இருந்துதான். அந்த அடுப்பின் கதையைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

கூலி வேலை

வரதராஜன் முனுசாமி முதலியார் 1926-ம் ஆண்டு பிறந்தார். சொந்த ஊர் தூத்துக்குடி என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. பெரிய படிப்பு இல்லை. அந்தக் காலத்தில் தெற்கே இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்ததுபோல அவரும் ரெயிலேறி பம்பாய் வந்து சேர்ந்தார்.

விக்டோரியா டெர்மினஸ் ரெயில் நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. அந்த நிலையத்துக்கு இப்போது சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் என்று பெயர். பழைய ஆட்கள் இன்றும் வி.டி. என்றுதான் சொல்கிறார்கள்.

நிலையத்தை ஒட்டி பிஸ்மில்லா ஷா பாபா தர்கா இருக்கிறது. போர்ட்டர் வரதராஜன் அங்கே போய்ப் பிரார்த்தனை செய்வார். ஏழைகளுக்குச் சாப்பாடு போடுவார். கையில் பணம் புரண்ட பிறகும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை என்பார்கள். பிறப்பால் இந்து; தர்காவில் அன்னதானம்; பிற்காலத்தில் பிள்ளையார் பந்தல். அவருக்கு இதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை.

ரெயில் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன் கண்ணில் படாத சரக்கு இல்லை. எந்தப் பெட்டியில் என்ன வருகிறது, யார் எடுத்துப் போகிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். சாராயத் தொழிலில் இருந்தவர்களின் பழக்கம் வரதராஜனுக்கு ஏற்பட்டது அங்கேதான் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

சட்டம் திறந்த வழி

ஒரு கூலித்தொழிலாளி சாராயத்தால் பணக்காரனாக முடிந்தது எப்படி? அதற்கு மதுவிலக்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

நம் மாகாணத்தில் ராஜாஜி 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். பம்பாயில் மொரார்ஜி தேசாய் பிடிவாதமாக இருந்தார். 1949-ல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. 1950 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. பணக்காரர்களுக்கு டாக்டர் சீட்டும் பெர்மிட்டும் கிடைத்தன. மில்லிலும் துறைமுகத்திலும் தோல் பதனிடும் தொட்டியிலும் உடல் நோக உழைத்தவனுக்கு அந்த வழி இல்லை.

கடையை மூடினால் குடி நின்றுவிடுமா? நிற்கவில்லை. பம்பாயெங்கும் வீட்டுக்குள்ளேயே ரகசியக் கடைகள் முளைத்தன. பல கடைகளைப் பெண்கள் நடத்தியதால் "ஆன்ட்டி கடை" என்றே பெயர் வந்தது. இத்தனை கடைகளுக்கும் சரக்கு எங்கிருந்து வரும்? அதைக் காய்ச்ச ஒரு மறைவிடம் வேண்டும்.

மாஹிம் கழி

அந்த மறைவிடத்தை இயற்கையே கொடுத்திருந்தது.

மாஹிமில் கடல் உள்ளே புகுந்து மித்தி ஆற்றோடு கலக்கும் கழியை ரெயிலில் போகிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அன்றைக்கு அதன் கரையெல்லாம் அலையாத்திக் காடு. சேறு முழங்கால் வரை வாங்கும். அதற்குள் பூட்சுடன் ஓடிப் பிடிக்க எந்தப் போலீஸ்காரராலும் முடியாது. தாராவி குடிசைகளின் பின்வாசலே அந்தச் சதுப்புதான்.

தண்ணீர், விறகு, மறைவு எல்லாம் அங்கேயே இருந்தன. வேலை இல்லாத கைகளுக்கும் பஞ்சமில்லை.

குப்பை கொட்டும் மேடாக இருந்த ஒரு பகுதி 1994-ல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இப்போது பள்ளிப் பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சி பார்க்க அங்கே போகிறார்கள்.

பானையில் இருந்து டிரம்முக்கு

நாட்டுச் சாராயம் காய்ச்சும் பழைய முறை ஊர்ப்பக்கத்தில் பலருக்குத் தெரியும். வெல்லத்தைக் கரைத்து ஊறல் போடுவார்கள். காற்றிலும் வெல்லத்திலும் இருக்கும் நொதி அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றும். பிறகு அதை அடுப்பில் ஏற்றுவார்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சாராயமோ 78 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அந்த ஆவி மேலே குளிர்ந்த நீர் உள்ள சட்டியில் பட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கும். மூன்று மண்பானையும் கொஞ்சம் களிமண்ணும் போதும்.

பானை உடையும், அதில் நான்கைந்து பாட்டிலுக்கு மேல் தேறாது. பம்பாய் அதைத் தொழிற்சாலை ஆக்கியது.

மண்பானை இருந்த இடத்துக்கு 200 லிட்டர் இரும்பு டிரம் வந்தது. தாராவியில் பழைய டிரம்முக்குப் பஞ்சம் ஏது? எண்ணெய் வந்த டிரம், சாயம் வந்த டிரம் எல்லாம் அங்கே கழுவி விற்பனைக்கு வரும். மூடியில் துளையிட்டுக் குழாய் பொருத்தினார்கள். குழாய் இன்னொரு தண்ணீர் டிரம் வழியாகப் போகும். அதற்குள் ஆவி குளிர்ந்து சாராயமாக மறுமுனையில் ஒழுகும். குழாயின் நீளத்தைக் கூட்டினால் வீணாகும் ஆவி குறைகிறது என்று காய்ச்சியவர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்தார்கள். எந்தப் பொறியியல் கல்லூரியும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அடுத்தது, ஊறலை எங்கே ஒளிப்பது? சேற்றிலும் தண்ணீருக்கடியிலும் டிரம்மைப் புதைத்தார்கள். மேலே பார்த்தால் வெறும் சேறு. அதிகாரிகள் நீண்ட இரும்புக் கம்பியால் சேற்றைக் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். "டங்" என்று சத்தம் கேட்டால் அங்கே டிரம்!

சரக்கை எடுத்துப் போவதற்கு டயர் ட்யூப். லாரி ட்யூபில் நிரப்பிக் கட்டினால் உடையாது, சத்தம் வராது, தண்ணீரில் மிதக்கவும் செய்யும்.

ஏன் சாராயம், ஏன் பீர் இல்லை என்று கேட்கலாம். பீருக்குப் பார்லியை முளைகட்டி, வறுத்து, வேகவைக்க வேண்டும். பிறகு குளிர்ச்சியில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாத்திரம் சுத்தமில்லை என்றால் புளித்துப் போகும். அதனால்தான் 1850-களில் வெள்ளைக்காரர்கள் பீர் தயாரிக்க கசௌலி மலைக்குப் போனார்கள். பம்பாய் வெயிலில் வெல்ல ஊறலோ சில நாளிலேயே தயாராகிவிடும். நாளை ரெய்டு வருமோ என்று பயப்படுகிறவனுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரம் ஏது?

சேர்த்துக் கட்டியவர்

வரதராஜன் புதிதாக ஒரு பானையையோ குழாயையோ கண்டுபிடித்தவர் அல்ல. ஆங்காங்கே தனித்தனியாக எரிந்த அடுப்புகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியவர்.

காய்ச்சுகிறவன் ஒருவன், சுமக்கிறவன் ஒருவன், விற்கிறவள் ஒருத்தி. இவர்களுக்கு வெல்லம் வந்து சேர வேண்டும். பிடிபட்டால் ஜாமீன் எடுக்க ஆள் வேண்டும். ஜெயிலுக்குப் போனவன் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். போக வேண்டிய இடத்துக்கு மாமூல் போக வேண்டும். இத்தனையையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தார் அவர். 1960-களில் அண்டாப்ஹில், தாராவி, கோலிவாடா வட்டாரத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்ற நிலை உருவானது.

பிறகுதான் துறைமுகம், ஹாஜி மஸ்தானுடன் கூட்டு எல்லாம். மஸ்தானும் தமிழர், ராமநாதபுரம் பக்கத்துப் பனைக்குளத்துக்காரர், அவரும் 1926-ல் பிறந்தவர்.

நம்மவர் ஏன் நம்பினார்கள்?

இது முக்கியமான கேள்வி.

1966-ல் சிவசேனை தோன்றியது. அதன் முதல் கோபம் தென்னிந்தியர் மீதுதான். ஆபீசில் குமாஸ்தா, டைப்பிஸ்ட் வேலையெல்லாம் மதராசிகளுக்கே போகிறது என்று பிரசாரம் நடந்தது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. வேட்டி கட்டித் தெருவில் போகவே நம்மவர்கள் பயந்த நாட்கள் அவை.

அந்த நேரத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் பொட்டுடன் ஒருவர் யாருக்கும் அஞ்சாமல் நின்றார். குடிசைக்குத் தண்ணீர்க் குழாயா, மின்சாரமா, ரேஷன் கார்டா, அவரிடம் போனால் நடந்தது. கணவன் மனைவி சண்டை, வாடகைத் தகராறு எல்லாவற்றுக்கும் அவர் வீட்டில் பஞ்சாயத்து. கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கு. அங்கே ஒரே நாளில் தீர்ப்பு.

மாதுங்கா ரெயில் நிலையத்துக்கு வெளியே அவர் நடத்திய விநாயகர் சதுர்த்திப் பந்தல் நகரப் புகழ் பெற்றது. சினிமா நட்சத்திரங்களும் வந்தார்கள். பந்தலில் வரிசையில் நின்று கும்பிட்ட மாதுங்கா குமாஸ்தாக்கள் பலர், வீட்டில் அவர் பெயரைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்கள்.

ஆனால் அந்தப் பந்தலுக்கும் பஞ்சாயத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது? சனிக்கிழமை சம்பளம் வாங்கிய நம் ஆள், வீட்டுக்குப் போகும் வழியில் கொடுத்த காசு அது. அரிசிக்கு வைத்திருந்த காசு. கணவன் குடித்துத் தீர்த்துவிட்டான் என்று ஒரு பெண் முறையிட அதே பாயிடம்தான் போக வேண்டியிருந்தது. அவர் உதவி செய்ததை மறுக்கவில்லை. அந்த உதவியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

உயிர்ப் பலி வேறு. வெல்ல ஊறலைக் காய்ச்சி எடுத்த சாராயமே உடலுக்குக் கேடு. பேராசைக்காரர்கள் அதில் தொழிற்சாலை மெத்தில் ஸ்பிரிட்டைக் கலந்தால் விஷம். வாசனையில் வித்தியாசம் தெரியாது. உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. வரதராஜன் காலம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, 2015-ல் மலாடு மால்வனியில் 100-க்கு மேற்பட்டோர் இறந்தது இந்த விஷத்தால்தான். செத்தவர்கள் பெரும்பாலும் கூலித்தொழிலாளர்கள்.

சரிவு

மதுவிலக்கு 1960-களின் நடுவிலேயே தளரத் தொடங்கியது. 1973-ல் நாட்டு மதுவுக்கு அரசு விதிகள் வந்து, சீல் வைத்த பாட்டிலில் உரிமக் கடைகளில் கிடைத்தது. கள்ள அடுப்பின் லாபம் குறைந்தது. ஆனால் அதற்குள் வரதராஜன் சாராயத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டார். (சட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் தயாரித்தால்கூட மகாராஷ்டிரத்தில் குற்றம்தான்.)

1980-களில் ஒய்.சி. பவார் என்ற போலீஸ் அதிகாரி அந்தப் பகுதிக்கு வந்தார். அவரை வளைக்க முடியவில்லை. அடுப்புகளும் சூதாட்ட இடங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆட்கள் கைதானார்கள். பிள்ளையார் பந்தலின் அளவும் ஆடம்பரமும் சுருங்கின. ஆயிரம் பேர் சூழ இருந்தவருக்கு, ஆளில்லாத நிலை வந்தது. வரதராஜன் பம்பாயை விட்டுச் சென்னைக்குப் போனார்.

அவர் சென்னையில் இருந்தபோதே, 1987 தீபாவளிக்கு மணிரத்னம் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த "நாயகன்" வெளியானது. அவர் வாழ்க்கையின் சாயலில் எடுத்த படம் என்று எல்லோரும் அறிவார்கள். தாராவி தெருக்களைக் கலை இயக்குனர் தோட்டாதரணி சென்னை ஸ்டூடியோவில் செட்டாகப் போட்டிருந்தார். படத்தில் கமலுக்கு தேசிய விருது கிடைத்தது. அதில் வரும் நாயகன் கடத்தல்காரன். நிஜ வாழ்க்கையின் சாராய அடுப்பு படத்தில் அவ்வளவாக இடம்பெறவில்லை. அதற்குக் காரணம் யூகிக்கக் கூடியதுதான். கடலில் சரக்கு கடத்துகிறவனை ரசிகன் மன்னித்துவிடுவான். பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சாராயம் ஊற்றியவனை மன்னிப்பது கடினம்.

படம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1988 ஜனவரி 2-ந்தேதி வரதராஜ முதலியார் மாரடைப்பால் சென்னையில் காலமானார். வயது 61.

தன் உடல் பம்பாய்க்குப் போக வேண்டும் என்பது அவர் விருப்பம். பழைய நண்பர் ஹாஜி மஸ்தான் தனி விமானம் ஏற்பாடு செய்து உடலைக் கொண்டுவந்தார். தாராவியிலும் மாதுங்காவிலும் இருந்து ஜனங்கள் திரண்டு வந்து அஞ்சலி செலுத்தினார்கள். பம்பாயிலேயே இறுதிச் சடங்கு நடந்தது.