மணலே வடிகட்டி, தண்ணீரே காவல்காரன்: என்ஜினீயர் விசுவேசுவரய்யா

பிழைப்புக்காக பெங்களூர் வந்த தமிழர்களில் விசுவேசுவரய்யாவின் பெயரைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. கல்லூரிக்கு அவர் பெயர், கால்வாய்க்கு அவர் பெயர். தலைப்பாகையும் கோட்டும் அணிந்த அவர் படம் எத்தனையோ அலுவலகங்களில் தொங்குகிறது. பெரிய அணை கட்டியவர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவருடைய கெட்டிக்காரத்தனம் பெரிதாகக் கட்டியதில் மட்டும் இல்லை. வேண்டாத வேலையைக் கட்டாமல் விட்டதிலும் இருக்கிறது.

1861-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, நந்தி மலைக்குப் பக்கத்தில் உள்ள முத்தேனஹள்ளி கிராமத்தில் அவர் பிறந்தார். முன்னோர் ஆந்திரப் பகுதியில் உள்ள மோட்சகுண்டம் என்ற ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள். சிறு வயதிலேயே தந்தை காலமானார். பெங்களூரில் மாமா வீட்டு ஆதரவில் படித்தார். ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தன் படிப்புச் செலவைச் சமாளித்தார். 1881-ல் சென்ட்ரல் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். மைசூர் அரசின் உதவித்தொகையோடு பூனா சென்று என்ஜினீயரிங் படித்தார். 1883-ல் தேர்வில் முதலிடம். மறு ஆண்டே பம்பாய் மாகாண மராமத்து இலாகாவில் உதவி என்ஜினீயர் உத்தியோகம் கிடைத்தது.

முதல் வேலையிலேயே சோதனை வந்தது. துலியா பக்கத்தில் பாஞ்சரா ஆற்றின் குறுக்கே தண்ணீர்க் குழாய் அமைக்க வேண்டும். மழைக்காலம் தொடங்கிவிட்டது. வெள்ளம் வந்து, தோண்டிய இடத்தையெல்லாம் வண்டல் மூடியது. மழை முடிந்தபின் செய்யலாம் என்று அவர் எழுதினார். புதிதாக வந்த உத்தியோகஸ்தர் இப்படிக் கேட்பது மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. ஒழுங்கைப் பற்றிக் கடிதம் வந்தது. ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தக் கடிதத்தின் கனம் தெரியும். அவர் பதிலுக்கு வாதாடவில்லை. குழாயைப் போட்டு வேலையை முடித்தார். ஆனால் ஆறு எந்த நேரத்தில் என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் கோடு கிழிக்க வேண்டும் என்ற பாடம் அவர் மனதில் பதிந்துவிட்டது என்றே தோன்றுகிறது. பின்னால் செய்த காரியங்கள் அதைக் காட்டுகின்றன.

சேற்றுத் தண்ணீர் தெளிந்த கதை

1894-ல் அவரை சுக்கூருக்கு அனுப்பினார்கள். இன்று பாகிஸ்தானில் இருக்கும் அந்த ஊர் அன்று பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. ஊரை ஒட்டி சிந்து நதி ஓடுகிறது. தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆனால் குடிக்க முடியாது. அவ்வளவு சேறு.

வழக்கமான முறை ஒன்று உண்டு. ஆற்று நீரைப் பம்பு வைத்து ஏற்றி, தொட்டிகளில் தெளியவைத்து, வடிகட்டும் படுகைகள் கட்டி, பிறகு ஊருக்கு விடலாம். அந்தப் படுகைகள் கட்ட நகரசபையிடம் பணம் இல்லை. கட்டினாலும் சேறு அடைக்க அடைக்கக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் வேண்டும், செலவு வேண்டும். ஒரு நாள் கவனிக்காவிட்டால் ஊர் சேற்றைக் குடிக்கும்.

அவர் வேறு விதமாக யோசித்தார். ஆற்றின் அடியில் இருக்கும் மணலே வடிகட்டிதானே! கரை ஓரம் ஆற்றுப் படுகையிலேயே கிணறு இறக்கினார். மணல் வழியாக ஊறி வந்த நீர் கிணற்றில் தெளிவாகச் சேர்ந்தது. அதை மேட்டில் உள்ள தொட்டிக்கு ஏற்றி ஊருக்கு விட்டார். 1895-ல் வேலை முடிந்தது. காவிரியிலும் பாலாற்றிலும் மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்த நம் பாட்டிமாருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஒரு நகரத்துக்கே போதுமான அளவில் அதைச் செய்ததுதான் அவர் திறமை.

ஆள் இல்லாத மதகு

அவர் பெயரை நாடறியச் செய்தது பூனாவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் 1903-ல் அமைத்த தானியங்கி மதகுக் கதவுகள். அங்கே பழைய அணை இருந்தது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, உபரி நீர் கலிங்கு வழியாக வீணாகப் போனது. அடுத்த கோடையில் தட்டுப்பாடு.

கலிங்கை உயர்த்திக் கட்டினால் நீர் கூடுதலாக நிற்கும். ஆனால் பெருவெள்ளம் வந்தால் அதுவும் அதே அளவு உயரும். பழைய அணை தாங்குமா? யாரும் உறுதி சொல்ல முடியாது. அணை முழுவதையும் பலப்படுத்த ஏராளமான பணம் வேண்டும். சாதாரணக் கதவுகள் வைத்தால், நடுராத்திரியில் வெள்ளம் வரும்போது ஆட்கள் ஓடிப்போய்த் திறக்க வேண்டும். காவலாளி தூங்கினால்? கொட்டும் மழையில் வழி அடைபட்டால்?

விசுவேசுவரய்யா அந்தக் காவலாளி உத்தியோகத்தையே தண்ணீருக்குக் கொடுத்துவிட்டார். கதவுகளுக்கு எதிர் எடை கட்டினார். நீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால் கதவுகள் தாமே திறக்கும். மட்டம் இறங்கினால் தாமாகவே மூடிக்கொள்ளும். எந்திரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். சுமார் 8 அடி உயரத்துக்குக் கூடுதல் நீர் நின்றது. ஏரியின் கொள்ளளவு ஏறத்தாழ கால் பங்கு கூடியது. பழைய அணையில் கை வைக்கவே இல்லை!

1908 செப்டம்பரில் ஐதராபாத்தில் மூசி ஆறு பெருகி ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிற்று. மேலே இருந்த சிறு ஏரிகள் இருநூறுக்கு மேல் உடைந்ததும் அந்த வெள்ளத்தைப் பெரிதாக்கியது. நிஜாம் அரசு அவரை அழைத்தது. கரையை மட்டும் உயர்த்தினால் போதாது, வெள்ளத்தை நகருக்கு மேலேயே பிடித்து வைக்க வேண்டும் என்பது அவர் யோசனை. 1920-களில் உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் அப்படித்தான் வந்தன.

காவிரியும் கோலார் தங்க வயலும்

1909-ல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமை என்ஜினீயர் ஆனார். கோலார் தங்க வயலுக்கு 1902 முதல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி வழியாக மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து போன நம்மவர்கள் அந்தச் சுரங்கங்களில் உழைத்தார்கள். கோடையில் காவிரி சுருங்கினால் மின்சாரமும் சுருங்கும். நீரைத் தேக்கி வைத்தால்தான் இந்த நிலை மாறும். பாசனத்துக்கும் ஆகும். அணைக்கான ஆய்வுகள் அவருக்கு முன்பே நடந்திருந்தன. முழு வேலையும் முடிந்தது அவர் பதவியை விட்டு வெகு காலம் கழித்து, 1930-களின் தொடக்கத்தில். ஆனால் செலவைக் கண்டு தயங்கிய அரசை அசைத்து, 1911-ல் மகாராஜாவின் உத்தரவைப் பெற்றது அவர்தான். சிமெண்டை எதிர்பார்க்காமல், சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்த்த சுர்க்கிக் காரையால் கட்டினார்கள். உள்ளூரில் கிடைக்கும் பொருள், கொத்தனார்களுக்குப் பழகிய பொருள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. கீழே இருந்த சென்னை அரசு முதலில் 11 டி.எம்.சி. கொள்ளும் சிறிய அணைக்குத்தான் இசைந்தது. மைசூரோ பெரிய அணைக்கு ஏற்ற அகலத்தில் அஸ்திவாரம் போட்டது. பின்னால் பழைய சுவரோடு புதுச் சுவரை ஒட்டவைத்தால் நிற்குமா என்ற சந்தேகம் வேண்டாம் என்பது என்ஜினீயர் கணக்கு. தஞ்சாவூர் விவசாயிக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. அவனுக்குச் சந்தேகம் குறையவில்லை, கூடியது. 1914-ல் மத்தியஸ்தம், பிறகு அப்பீல், கடைசியில் 1924 ஒப்பந்தம், அதன்பின் நமக்கு மேட்டூர் என்று கதை நீண்டது. இரு பக்கமும் உறவு உள்ள நமக்கு இரண்டு நியாயமும் புரியும்.

1912 முதல் 1918 வரை அவர் திவானாக இருந்தார். பத்ராவதி இரும்பாலைக்கும் மைசூர் பல்கலைக்கழகத்துக்கும் அடிகோலியது அந்தக் காலம்தான். 1955-ல் பாரத ரத்னா பட்டம் பெற்றார். நூறு வயதைக் கடந்து 1962 ஏப்ரலில் காலமானார்.

முத்தேனஹள்ளியில் அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. அவருடைய சமாதி இருப்பதும் அந்த ஊரிலேயே. சிக்பள்ளாபூர் வழியாகப் போகலாம். நந்தி மலைக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பார்த்து வந்துவிடலாம்.