பற்சக்கரம் கண்ட பெருந்தகை

தேனி நகருக்குத் தெற்கே, முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி என்னும் பழம்பதி உளது. சித்திரைத் திங்களில் அங்கு நிகழும் கௌமாரியம்மன் திருவிழாவுக்கு மக்கள் பேருந்துகளில் வந்து குழுமுவர். அவ்வூரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பேருந்துகள் சின்னமனூர், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களைக் கடந்து குமுளி மலைமீது ஏறுகின்றன. ஏற்றத்தில் ஓட்டுநர் கியரை மாற்றியதும் வண்டியின் விரைவு குறைந்து, இழுக்கும் வலிமை மிகுகின்றது. ஒன்றோடொன்று பல் பொருந்திச் சுழலும் சக்கரங்களே அவ்வலிமையைத் தருவன. அப்பற்கள் சிறிது பிழைபடினும் இரைச்சல் எழும். சக்கரமும் விரைவில் தேயும். அவற்றைச் செம்மையாக வெட்டும் வழி கண்டோருள் தலைசிறந்தவர் எட்வின் பெல்லோஸ் என்பவர்.

இவர் அமெரிக்க நாட்டில், கனெக்டிகட் மாநிலத்து டாரிங்டன் என்னும் ஊரில் 1865-ஆம் ஆண்டு பிறந்தார். இளமையில் துணிக்கடை ஒன்றில் பணியாற்றினார். காண்போர் கண்ணைக் கவரும் வண்ணம் கடையின் முகப்பில் ஆடைகளை அடுக்கி வைப்பதே இவர்தம் வேலை. இவருடைய நண்பர் ஜேம்ஸ் ஹார்ட்னெஸ் என்னும் பொறிவல்லார், 1889-ஆம் ஆண்டு வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் பொறுப்பேற்றார். நண்பரின் தூண்டுதலால் பெல்லோஸும் அங்குச் சென்றார். பழகிய தொழிலை விடுத்துப் பழகாத தொழிலைப் பற்றுதல் எளிதன்று. எனினும் இவர் தயங்கினாரல்லர்.

அந்நாளில் பற்சக்கரங்களை ஒவ்வொரு பல்லிடைவெளியாகச் செதுக்கி ஆக்கினர். இடைவெளியின் வடிவமே வெட்டுங்கருவிக்கும் அமைந்திருத்தல் வேண்டும். பற்களின் எண்ணிக்கை மாறினால் இடைவெளியின் வடிவும் மாறும். ஆதலின் ஒரே பருமனுள்ள பற்களுக்கும் எட்டுக் கருவிகள் கொண்ட தொகுதி ஒன்றைப் பயன்படுத்தினர். அப்போதும் ஒரு கருவியே பல எண்ணிக்கைகளுக்கு உதவ வேண்டியிருந்தமையின், வடிவம் முற்றும் பொருந்திற்றிலது.

இக்குறையை ஆராய்ந்த பெல்லோஸ் புதுவழி ஒன்று கண்டார். பற்சக்கரம் ஒன்றனையே கூரிய விளிம்புடைய வெட்டுங்கருவியாக அமைத்தார். அக்கருவி மேலும் கீழும் இயங்கி உலோகத்தைச் செதுக்கும். அதே வேளையில், கருவியும் வெட்டப்படும் வட்டும் இரு பற்சக்கரங்கள் இணைந்து சுழல்வதுபோல் மெல்லச் சுழலும். அங்ஙனம் சுழலுங்கால் உரிய பல்வடிவம் தானே தோன்றும். ஒரே பருமனுள்ள பற்களாயின், எண்ணிக்கை எத்துணையாயினும் ஒரு கருவியே போதும்.

ஆனால், பெரிய தடையொன்று எதிர்நின்றது. கருவியைக் காய்ச்சிக் கடினமாக்கும்போது எஃகு சிறிது கோணும். கோணிய கருவி கோணிய பல்லையே வெட்டும். பெல்லோஸ் சோர்ந்தாரல்லர், கடினமாக்கிய பின்னர்க் கருவியின் பற்களைச் சாணை பிடித்துத் திருத்தும் வேறோர் இயந்திரத்தையும் படைத்தார். 1896-ஆம் ஆண்டு தம் பெயரால் தொழிற்சாலை நிறுவினார். 1899-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரத்துப் பிராங்க்ளின் கழகத்தின் வாயிலாக ஜான் ஸ்காட் பதக்கம் பெற்றார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகவே, இவர்தம் இயந்திரத்தின் தேவையும் பெருகிற்று. 1945-ஆம் ஆண்டு பெல்லோஸ் மறைந்தார்.

இவ்வியந்திரத்திற்கும் ஒரு குறை உண்டு. கருவி வெட்டிவிட்டு மீளும் நேரம் வீணாகும். அதனை நீக்கும் சீவுமுறைக்கு ஜெர்மனியில் 1910-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை கோரப்பட்டது. இளநீர் சீவுவோர் அரிவாளைச் சாய்த்துப் பிடிப்பதுபோல், இம்முறையில் பல்லுடைய கருவியைச் சாய்த்து நிறுத்துவர். கருவியும் வட்டும் இடையறாது விரைந்து சுழல, உலோகம் சீவப்பட்டு உதிரும். இரண்டின் சுழற்சியும் இம்மியும் பிசகாமல் இணைதல் வேண்டும். இயந்திரமும் அதிராமல் நிற்றல் வேண்டும். இவை கைகூடுதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது. இன்று உட்புறம் பல்லுடைய வளையங்களை ஆக்க இம்முறை பெரிதும் உதவுகின்றது.

துணி அடுக்கிய கைகள் எஃகுப் பல்லைத் திருத்தின. பிறந்த சூழலும் முதலில் செய்த தொழிலும் ஒருவருடைய உயர்வுக்கு எல்லையாகா. குறையைக் கண்டு அஞ்சாது அதன் காரணத்தை ஆராய்வோரே உலகிற்குப் பயன்படுவர் என்பதற்குப் பெல்லோஸின் வாழ்க்கை தக்கதொரு சான்றாகும்.