வாவியிற் கேட்ட இசை: விபுலாநந்த அடிகள்

நாம் படித்த காலத்திற் காலைக் கூட்டத்திலே பாடிய பாடல்களுள் மலர்களைப் பற்றிய பாடல் ஒன்று உண்டு. இறைவன் திருவடிக்கு உகந்த மலர் எது, மல்லிகையா, தாமரையா, கொன்றையா என்று கேட்டு, அவையெல்லாம் அல்ல, உள்ளமாகிய கமலமும் கூப்பிய கையாகிய காந்தளும் நோக்கும் விழியாகிய நெய்தலுமே என்று விடை சொல்லும் பாடல் அது. பொருள் முழுவதும் விளங்காத வயதில் அதை மனனஞ் செய்தோம். இயற்றியவர் யார் என்று ஆசிரியை கேட்டால் வகுப்பு முழுவதும் கை உயர்த்தும். ஆனால் சுவாமி விபுலாநந்தரைப் பற்றிப் பரீட்சைக்கு வேண்டிய நாலைந்து ஆண்டுகளுக்கு மேல் நாம் அறிந்து கொண்டது குறைவு.

அவர் பாடசாலைகளை நடத்தினார், பேராசிரியராக இருந்தார், நூல் எழுதினார் என்று படித்தோம். வேலை, குடும்பம், நோய், புலம்பெயர்வு என்று ஓடிக் களைத்த இந்த வயதில் அவரது வாழ்வை மீண்டும் படிக்கும்போது வேறொரு கேள்வி எழுகிறது. இத்தனை பொறுப்புகளைச் சுமந்த ஒருவர் எங்கே இளைப்பாறினார்? விடை தேடிப் போனால் நாம் வந்து சேருமிடம் மட்டக்களப்பு வாவி.

பின்னர் விபுலாநந்தரானவர் 1892 ஆம் ஆண்டு மார்ச் 27 ஆம் திகதி கிழக்குக் கரையிலுள்ள காரைதீவிற் பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மையார். பிள்ளைக்கு இட்ட பெயர் மயில்வாகனம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல் என்று கிடக்கும் ஊர் அது. மாரியில் வாடைக் காற்றோடு மழை கொட்டும். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று அனலாய் வீசும். அந்த வைகாசியில்தான் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலிற் குளிர்த்திச் சடங்கு நடைபெறும். மதுரையை எரித்த சினம் தணியவும், மண் குளிரவும், நோய் நீங்கவும் வேண்டிச் செய்யும் சடங்கு. கண்ணகியின் வழக்குரையை ஊரார் கூடிப் படிப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் மயில்வாகனமும் ஒருவர். பருவம் மாறுவதும் பாட்டுப் பிறப்பதும் வேறுவேறல்ல என்று அந்த மண்ணிலே பிறந்தவர்களுக்கு யாரும் தனியே சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் கற்றார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் விஞ்ஞானக் கல்வியும் பெற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் ஆனார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்த பின் மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராகச் சென்றார். பழந்தமிழும் பௌதிகமும் ஒருவரிடத்திலே சேர்ந்திருந்தமை அன்று அரிது. அதன் பயன் முப்பது ஆண்டுகள் கழித்துத் தெரிய இருந்தது.

1922 இற் சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924 ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று சுவாமி சிவாநந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார். ஊர் திரும்பியதும் இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளின் பொறுப்பு அவர் தோளில் ஏறியது. கல்லடி உப்போடையிற் குருவின் பெயரால் சிவாநந்த வித்தியாலயம் 1929 இல் எழுந்தது. பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பத் தயங்கிய அந்நாளில், பிறந்த ஊரிலே அவர்களுக்கென்று சாரதா வித்தியாலயத்தையும் தொடக்கி வைத்தார். பணந் திரட்டல், கட்டடம், ஆசிரியர் சம்பளம், திணைக்களக் கடிதங்கள் என்று பாடசாலை நடத்துவோருக்குரிய தொல்லைகள் எல்லாம் அவருக்கும் இருந்தன.

சிவாநந்த வித்தியாலயம் இருப்பது வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம். அருகே கல்லடிப் பாலம். மழையில்லாத மாதங்களிற் பூரணை நிலவு காலும் இரவிலே தோணியை அங்கு நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையிற் காதை வைத்தால் ஓர் ஓசை கேட்கும். ஒரு நரம்பை மெல்லத் தடவினாற்போல் ஒன்று, அதற்கு மேலே சிறிது கூரியதாய் இன்னொன்று என்று பல சுரங்கள் கலந்து வரும். 1848 இல் அங்கு வந்த எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி இதைக் கேட்டுத் தமது நூலில் விரிவாக எழுதினார். மீன் பாடுகிறது என்பர் சிலர். ஊரி என்னும் ஓட்டுயிர் பாடுகிறது என்பர் வாவிக்கரை மீனவர். மட்டுநகர் பாடும் மீன் நாடு என்று பெயர் பெற்றது இதனாலேயே.

அடிகளும் அந்த ஓசையிலே தோய்ந்தவர். நீரர மகளிர் பற்றி அவர் இயற்றிய இன்னிசைப் பாடல் அதற்குச் சான்று. நிலவொளியில் வாவியிலே செல்லும் புலவன் ஒருவனுக்கு நீருக்குள்ளிருந்து மகளிர் ஏழிசையையும் பாடிக் காட்டுவதாக அது அமைந்தது. ஏழு சுரங்களுக்கும் பழந்தமிழிலே குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர். பகலெல்லாம் பாடசாலைக் கணக்குப் பார்த்தவர் இரவிலே கேட்ட நீரோசையில் இந்த ஏழையும் தேடினார். நாமானால் அழகான ஓசை என்று கேட்டுவிட்டு வீடு திரும்பியிருப்போம். அவர் அந்த வழியே மேலும் நடந்தார்.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். அங்கிருந்த காலத்திலே பழந்தமிழ் இசையில் அவரது ஆராய்ச்சி வளரத் தொடங்கியது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும் அவர் கையில் இருந்தன. குளிர்த்தியிலே கேட்ட கண்ணகி கதை, இப்போது இசை நூலாக அவர்முன் விரிந்தது. அதிலே பேசப்படும் யாழ் என்னும் கருவி நாட்டில் எங்கும் இல்லை. யாழிலே ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நரம்பு வேண்டும். ஒரே நரம்பிற் பல சுரங்களை எழுப்பும் வீணை வழக்கிற்கு வந்தபின் யாழ் மறைந்துபோயிற்று. யாழ்ப்பாணம் என்று ஊருக்குப் பெயர் இருக்கிறது. யாழைக் கண்டவர் யாருமில்லை.

பழைய நூல்களின் குறிப்பு, கோயிற் சிற்பங்களிற் காணும் உருவம், நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணித உறவு ஆகிய மூன்றையும் கொண்டு அடிகள் அக்கருவியை மீட்டெடுக்கத் துணிந்தார். பண்டிதருக்கு முதலாவதும் விஞ்ஞானப் பட்டதாரிக்கு மூன்றாவதும் கைவந்தவை. 21 நரம்புடைய பேரியாழ் முதல் 7 நரம்புடைய செங்கோட்டியாழ் வரை ஒவ்வொன்றின் அமைப்பையும் ஆராய்ந்தார். இதற்கு 14 ஆண்டுகள் சென்றன.

இந்த ஆராய்ச்சியிலே நம் மனதைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. பழந்தமிழர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். கார்காலத்து மாலை முல்லைக்கு, கூதிர்காலத்து நள்ளிரவு குறிஞ்சிக்கு, விடியற்காலம் மருதத்துக்கு உரியது. ஒவ்வொரு நிலத்துக்கும் மரமும் பறவையும் பூவும் இருப்பதுபோல யாழும் உண்டு. காலையில் மருதப்பண்ணும் மாலையிற் செவ்வழிப்பண்ணும் இசைப்பது முறை. வானம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பாட்டைத் தொடங்கிய மக்கள் அவர்கள். அடிகள் மீட்க முயன்றது மரத்தாலும் நரம்பாலும் ஆன கருவியை மாத்திரமன்று. அப்படி வாழ்ந்த செவியையும்தான்.

1939 இல் பிரபுத்த பாரத என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராக இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்துக்குச் சென்றார். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே, தேவதாரு மரங்களுக்கும் பனிச் சிகரங்களுக்கும் நடுவே, உப்புக் காற்றிலே வளர்ந்தவர் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அமைதி நிறைந்த அந்த இடத்திலும் துயரம் தேடி வந்தது. உயிர் நண்பர் கந்தசாமி இறந்த செய்தி கிடைத்தது. துறவி அழக்கூடாது என்று அவர் மனதை மூடிக்கொள்ளவில்லை. கங்கையில் விடுத்த ஓலை என்று நண்பனுக்கு ஒரு பாடற் கடிதம் எழுதினார். ஆற்ற முடியாத துயரை ஓர் ஆற்றின் கையிற் கொடுத்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. கல்லடியின் வாவி அவருக்கு இசை தந்தது. வடக்கே கங்கை அவர் துயரை ஏந்தியது.

1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பு வந்தார். உடல் தளர்ந்துகொண்டே வந்தது. யாழ் வேலை நிற்கவில்லை. 1947 ஜூன் 5 ஆம் திகதி, தஞ்சை மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ் நூல் அரங்கேறியது. அடிகளின் ஆராய்ச்சிப்படி செய்யப்பட்ட யாழ்கள் அங்கே இசைத்தன. நோயுற்ற நிலையிலும் கடல் கடந்து சென்று அந்த ஒலியைத் தம் காதாற் கேட்டார். ஆறே வாரங்களில், ஜூலை 19 ஆம் திகதி, கொழும்பிலே காலமானார். கல்லடிக்குக் கொண்டுவந்து சிவாநந்த வித்தியாலயச் சூழலில் அவரைச் சமாதி வைத்தனர். நாம் காலைக் கூட்டத்திற் பாடிய அந்த மலர்ப் பாடல் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது.

இயற்கையை இனிமை என்று மட்டும் சொல்லி முடிக்க நம்மால் இயலாது. 1978 ஆம் ஆண்டுச் சூறாவளியும் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் அந்தக் கரையை என்ன செய்தன என்பதை நாம் அறிவோம். போர்க் காலத்திலே நிலவு இரவு என்றால் வெளிச்சத்துக்குப் பயந்தவர்களும் நம்மில் உண்டு. கடலைப் பார்க்கவே மனம் வராத தோழியர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் நிலவைப் பார், நீரைக் கேள் என்று சொல்வது எளிதல்ல. ஆயினும் அடிகளுடைய வாழ்வும் துயரற்ற வாழ்வு அன்று. ஓய்ந்திருக்க நேரம் கிடைத்தபின் அவர் இசையைக் கேட்கவில்லை. வேலையின் நடுவிலும் நோயின் நடுவிலும் கேட்டார். கேட்டதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் நமக்கு நூலாகத் தந்தார்.

ரொறன்ரோவின் பனியிலும் இலண்டனின் தூறலிலும் மெல்பேணின் வெயிலிலும் இம்மலரைப் புரட்டும் அன்புச் சகோதரிகளே, நீங்கள் இருக்கும் ஊருக்கும் பருவமும் பொழுதும் உண்டு. அதற்கேற்ற பாட்டும் உங்களிடம் உண்டு. ஒரு மாலை வேலையை வைத்துவிட்டு யன்னலைத் திறந்து, அன்று நாம் கற்ற பாடலொன்றைப் பிள்ளைகளோடு பாடிப் பாருங்கள். ஊருக்கு வரும்போது பூரணையை ஒட்டி வாருங்கள். கல்லடியிலே தோணிக்காரர் எவரையும் கேட்டாற் கூட்டிச் செல்வார். மீன் பாடாமலும் போகலாம். இப்போது முன்போலக் கேட்பதில்லை என்போரும் உளர். துடுப்பிலே காதை வைத்து, பேச்சை நிறுத்தி, சிறிது நேரம் காத்திருங்கள். அதுவரை சுமந்து வந்த களைப்பு அந்த நேரத்துக்காவது இறங்கியிருக்கும்.