தம்பிக்காக உயிர் தாங்கிய திலகவதி அம்மையார்

இன்பம் நிறைந்த காலத்தில் இறைவனை வணங்குதல் எளிது. பெற்றோரையும் மணாளனையும் அடுத்தடுத்து இழந்த பின்னரும் திருவடிப் பற்றை விடாதிருத்தல் அரிது. அவ்வரிய நிலையில் நின்றவர், அப்பர் அடிகளின் தமக்கையார் திலகவதி அம்மையார். அறுபத்துமூன்று நாயன்மார் வரிசையில் அவர் வைத்து எண்ணப்படவில்லை. ஆயினும் அவர் இன்றேல் சைவ உலகிற்குத் திருநாவுக்கரசர் கிடைத்திருக்க மாட்டார்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், வேளாளர் குலத்துப் புகழனாருக்கும் மாதினியாருக்கும் திருமகளாக அவர் தோன்றினார். சில ஆண்டுகள் கழித்துத் தம்பி மருள்நீக்கியார் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு அம்மையாரை மணம் பேசி முடித்தனர். மணம் நிகழுமுன் மன்னன் ஆணைப்படி கலிப்பகையார் போர்முனைக்குச் சென்றார்.

அதன்பின் துன்பங்கள் அலையலையாக வந்தன. புகழனார் நோயுற்று மறைந்தார். கணவரைப் பிரிய ஆற்றாத மாதினியாரும் உயிர் நீத்தார். அந்தக் கண்ணீர் உலருமுன், கலிப்பகையார் களத்தில் வீழ்ந்தார் என்ற செய்தி வந்தது. பெற்றோர் அவருக்கே தம்மைக் கொடுக்க இசைந்தமையால், அவரோடு தாமும் உயிர் விடுதலே முறை என அம்மையார் துணிந்தார். அப்போது இளந்தம்பி தமக்கையின் அடிகளில் வீழ்ந்து, தமக்கையார் பிரிவாராயின் தாம் முன்னரே உயிர் துறப்பதாகக் கதறியழுதார். தம்பி வாழ வேண்டும் என்ற அருளொன்றினாலேயே அம்மையார் உயிரைத் தாங்கினார். பொன்னும் மணியும் பூணாது, மனையிலேயே தவம் செய்திருந்தார்.

அவ்வாறு வளர்த்த தம்பியும் ஒருநாள் விலகிச் சென்றார். உலகின் நிலையாமையை எண்ணிய மருள்நீக்கியார் சமண சமயம் சார்ந்து, பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றார். யாருக்காக உயிர் வைத்திருந்தாரோ அவரும் இல்லாத தனிமை அம்மையாரைச் சூழ்ந்தது. அவர் தம்பியைச் சபிக்கவில்லை, இறைவனையும் நோகவில்லை. கெடிலக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, திருமடம் அமைத்து, நாள்தோறும் திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, மலர் பறித்து மாலை தொடுத்துத் தொண்டாற்றினார். தம்பியை ஆட்கொள்ள வேண்டும் என்பதே அவர் இடைவிடாது செய்த விண்ணப்பம். சூலை நோய் தந்து ஆட்கொள்வோம் எனப் பெருமான் கனவில் உணர்த்தியருளினார்.

அவ்வண்ணமே தருமசேனரைக் கொடிய சூலை பற்றியது. மந்திரித்த நீரும் மயிற்பீலியும் பயன் தரவில்லை. வேதனையின் எல்லையில் அவருடைய உள்ளம் தமக்கையாரையே நாடியது. இங்கே நாம் கருதிப் பார்க்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. இறைவனை நினையுமுன் அவர் நினைத்தது உடன்பிறந்தவரை. குடும்பப் பாசமே இறையன்பிற்கு வாயிலாயிற்று.

உணவு சமைத்தளிப்பவர் வழியாகத் தம்பி சொல்லியனுப்பியபோது, அம்மையார் சமணப் பள்ளிக்கு வர மறுத்துவிட்டார். பாசம் பெரிது, ஆயினும் கொண்ட கொள்கையை விட்டு அவர் இறங்கவில்லை. இரவோடிரவாகத் தம்பியே திருவதிகை வந்து திருவடியில் வீழ்ந்தார். அப்போது விட்டுப் போன குற்றத்தை அம்மையார் எடுத்துரைக்கவில்லை. ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். விடியுமுன் திருவலகும் தோண்டியும் ஏந்தித் திருக்கோயிலுக்குச் சென்றபோது, தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே முதல் திருப்பதிகம் பிறந்தது, சூலை நீங்கியது, நாவுக்கரசு என்னும் திருநாமம் நிலைத்தது. பின்னர் நீற்றறை, நஞ்சு, யானை, கடலிற் கல் ஆகிய சோதனைகளிலும் அப்பர் அடிகள் அஞ்சாது நின்றார். அந்த உறுதிக்கு வித்திட்டவர் தமக்கையாரே.

மலேசியத் தமிழர்க்கு இவ்வரலாறு தொலைவில் உள்ளதன்று. 1942 முதல் 1945 வரை சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் திரும்பவில்லை. தந்தையை இழந்த இல்லங்களில் தம்பி தங்கையரைத் தாங்கிய மூத்த பெண்மக்கள் எத்தனையோ பேர். நோயும் பிரிவும் இன்றும் நம் இல்லங்களுக்கு வருகின்றன. வழி மாறிய பிள்ளைகளும் உளர். அவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்து, கையில் திருநீற்றோடு காத்திருக்கும் பொறுமையை அம்மையார் நமக்குக் கற்பிக்கின்றார்.

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் உள்ள நம் திருக்கோயில்களில் அப்பர் தேவாரம் ஒலிக்கும்போதெல்லாம், அதன் பின்னே நின்ற அத்தமக்கையாரையும் நினைந்து வணங்குவோமாக.

திருச்சிற்றம்பலம்.