கூடைப்பந்து வளர்த்த ஆசான்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கே அமைந்தது வட கரோலினா மாநிலம். புகையிலைக்குப் பேர்போன பூமி அது. ராலி அதன் தலைநகர். அந்நகரிலுள்ள மாநிலக் கல்லூரிக்கும், சேப்பல் ஹில் என்னும் ஊரிலுள்ள பல்கலைக்கழகத்துக்கும், டர்ஹம் நகரின் டியூக் பல்கலைக்கழகத்துக்கும் இடையே கூடைப்பந்தில் நீங்காத போட்டி உண்டு. எனினும் 1946ஆம் ஆண்டுக்கு முன்னர் அங்கே அமெரிக்கக் கால்பந்துக்கே பெருமதிப்பு இருந்தது. கூடைப்பந்தைக் குளிர்காலப் பொழுதுபோக்கு என்றே மக்கள் எண்ணினர். அவ்வெண்ணத்தை மாற்றியவர் எவரெட் கேஸ் என்பார்.

கேஸ் 1900ஆம் ஆண்டில் இண்டியானா மாநிலத்து ஆண்டர்சன் நகரில் பிறந்தார். இண்டியானா கூடைப்பந்தின் தாயகம் போன்றது. களஞ்சியச் சுவரில் வளையம் மாட்டிப் பந்தெறியாத பண்ணைச் சிறுவரை அங்கே காண்பது அரிது. பிராங்க்ஃபர்ட் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்து, மாநில வாகையை நான்கு முறை ஈட்டித் தந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் பணியாற்றினார். போர் முடிந்தபின் ராலிக் கல்லூரி அவரை அழைத்தது.

அவர் தம்முடன் இண்டியானா இளைஞர் சிலரையும் அழைத்து வந்தார். பந்து கைக்கு வந்தவுடன் மின்னலெனப் பாய்ந்து எதிர்க் கூடையைத் தாக்குவதே அவர்களது ஆட்டமுறை. நிதானமான ஆட்டத்தையே கண்டு பழகிய ஊரார் வியப்பில் ஆழ்ந்தனர். 1947ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சேப்பல் ஹில் அணியோடு நிகழவிருந்த ஆட்டத்துக்கு வந்த கூட்டம் அரங்கின் அளவை மீறிற்று. தீயணைப்புத் துறையினர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டனர். அடுத்த மாதம் டர்ஹத்தில் தென்னகக் கூட்டமைப்பின் இறுதிப் போட்டியில் அவ்விரு அணிகளும் மீண்டும் மோதின. கேஸின் அணி 50க்கு 48 என்ற கணக்கில் வென்றது. உடனே அவர் கூடையில் தொங்கிய வலையை அறுத்தெடுத்து வெற்றிச் சின்னமாக வைத்துக்கொண்டார். இண்டியானாப் பள்ளிகளின் இவ்வழக்கம் இன்று அமெரிக்கக் கல்லூரிகள் அனைத்திலும் பரவியுள்ளது.

ராலியில் போரினால் குறையாக நின்ற அரங்கமொன்று கேஸின் முயற்சியால் பெரிதாக்கப்பட்டு, 12,400 பேர் அமரும் ரெனால்ட்ஸ் அரங்கமாக 1949இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு முதல் கிறிஸ்துமஸ் விடுமுறையில், மாநிலத்தின் நான்கு கல்லூரிகளும் வெளியிலிருந்து வந்த நான்கு அணிகளும் பொருதும் டிக்ஸி கிளாசிக் விழாவை அவர் நடத்தினார். 1953இல் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பு தோன்றியது. அதன் முதல் மூன்று வாகைகளும் அவர் அணிக்கே உரியவாயின. மொத்தம் பத்து முறை அவர் கூட்டமைப்பு வாகை சூடினார். அவரை வெல்லவேண்டியே சேப்பல் ஹில்லார் பிராங்க் மக்குவயரை அமர்த்தினர், அம்முயற்சி வீண்போகவில்லை. 1957இல் மக்குவயரின் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் நாட்டு வாகையே சூடியது.

கேஸ் குறையற்றவர் அல்லர். வெற்றி வேட்கையால், ஆட்டக்காரரைச் சேர்ப்பதற்குரிய விதிகளை அவரது கல்லூரி மீறியது. அதற்காகத் தண்டனையும் பெற்றது. அதனினும் பெரிய இடி 1961இல் விழுந்தது. சூதாடிகளிடம் கைக்கூலி பெற்று, வெற்றியின் புள்ளி வேறுபாட்டை வேண்டுமென்றே குறைத்ததாக அவர் அணியினர் சிலர் பிடிபட்டனர். சேப்பல் ஹில்லிலும் இக்கறை படிந்தது. பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ஃபிரைடே டிக்ஸி கிளாசிக்கை அடியோடு நிறுத்தினார். மணம் புரியாது ஆட்டக்காரரையே மக்களெனப் பேணியவருக்கு, அவர்களுள் சிலரே செய்த இவ்வஞ்சகம் எத்துணைத் துயர் தந்திருக்கும்!

பின்னர்ப் புற்றுநோய் அவரைப் பற்றியது. 1964ஆம் ஆண்டுப் பருவத்தில் இரண்டு ஆட்டங்கள் முடிந்தவுடன் பொறுப்பைத் துணைவர் பிரெஸ் மராவிச்சிடம் ஒப்படைத்தார். 1965 மார்ச்சில் கூட்டமைப்பின் இறுதிப் போட்டி ரெனால்ட்ஸ் அரங்கிலேயே நடைபெற்றது. எதிர்நின்றது வலிமை மிக்க டியூக் அணி. மாற்றாட்டக்காரராக இருந்த லாரி வோர்ஸ்லி 30 புள்ளிகள் குவித்தார். ராலி அணி 91க்கு 85 என வென்றது. மெலிந்து தளர்ந்திருந்த கேஸை இளைஞர்கள் தோள்மீது தூக்கினர். அவர் கை நீட்டி இறுதி முறையாக வலையை அறுத்தார்.

1966ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அவர் காலமானார். அவரது விருப்ப ஆவணத்தின்படி, சொத்தின் ஒரு பகுதி பழைய ஆட்டக்காரர் 57 பேருக்குப் பங்கிடப்பட்டது. கூட்டமைப்புப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கும் விருது அவர் பெயரைத் தாங்குகிறது. ராலியிலிருந்து டர்ஹம் செல்லும் 70ஆம் எண் நெடுஞ்சாலையை நோக்கியே தம் கல்லறை அமையவேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். டியூக் அணியோடு பொருதச் செல்லும் தம் பிள்ளைகளின் வண்டிக்கு அங்கிருந்து கையசைக்க விரும்பினாராம். அவ்வாறே சாலையோரத்தில் அவரை அடக்கம் செய்தனர்.